மூச்சில் முதலாம் பிள்ளை

எங்கள் வீட்டில் இரண்டு இருமல்கள் இருந்தன. ஒன்று அப்பாவுடையது. அதைக் கேட்டு டொரன்ரோவில் இருந்து அக்கா தொலைபேசி எடுப்பாள், போதகர் வந்து ஜெபிப்பார், பக்கத்து வீட்டுப் பொன்னம்பலம் மாமா பனங்கற்கண்டு கொண்டு வருவார். மற்றது அம்மாவுடையது. அதற்குப் பூனைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்பா சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். செல்வத்துரை மாஸ்ரர் என்றால் ஊரில் இன்றும் மரியாதைக்குச் சைக்கிளை விட்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவருடைய இருமலும் உப அதிபரின் இருமல்தான், முன்னறிவித்தல் கொடுக்காமல் வராது. முதலில் தொண்டையைச் செருமுவார். வீடு அடங்கும். பிறகு இரண்டு இருமல், ஓர் இடைவெளி, மூன்றாவது இருமல். கடைசியில் "ஆண்டவரே" என்று ஒரு முடிவுரை.

அம்மாவின் இருமல் குசினிக்குள் பிறந்து குசினிக்குள்ளேயே அடங்கிவிடும். நேசம்மா என்ற தன் பெயருக்கு ஏற்ற மாதிரி ஒருவருக்கும் தொந்தரவு இல்லாமல், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவார். கடந்த மூன்று மாரிகாலமாக அந்த இருமல் நிற்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தபடி உறங்குவார். கிணற்றடியில் இருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டு வருவதற்குள் வழியில் இரண்டு தரம் வாளியை இறக்கி வைப்பார். போன மாதம் ஒருநாள் கிணற்றடியில் துப்பிவிட்டு அவசரமாகத் தண்ணீர் ஊற்றினார். சிவப்பாக ஓடியது.

"என்னம்மா அது?"

"வெத்திலை."

அம்மா வாழ்நாளில் வெற்றிலை போட்டதில்லை.

அன்றைக்கே அப்பாவிடம் போய், அம்மாவையும் ஒரு டொக்டரிடம் காட்டுவோமா என்று கேட்டேன். "உது சளித் தடிமன். மல்லித்தண்ணி குடிச்சால் நிண்டிடும்" என்றார் பத்திரிகையில் இருந்து கண்ணை எடுக்காமலே. நான் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் சித்தியடையாமல் பள்ளிக்கூடத்தை விட்டவள். விருந்தாளிகளுக்கு என்னைத் தேத்தண்ணித் தட்டோடு மட்டும்தான் காட்டுவார்கள். என் சொல்லைக் கேட்டு அப்பா ஒரு முடிவை மாற்றினார் என்றால் அது பத்திரிகையில் வந்திருக்கும். எனவே எனக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது: யாராவது ஒரு டொக்டரின் காதில் அம்மாவின் இருமல் விழவேண்டும்.

குசினியைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் குசினி இரண்டு. வீட்டுக்குள்ளே இருப்பதில் அனுஜா அக்கா வாங்கித் தந்த காஸ் அடுப்பு இருக்கிறது. கண்ணாடி போட்டது. அதன்மேல் பின்னல் விரிப்பு, விரிப்பின்மேல் பிளாஸ்ரிக் பூச்சாடி. வருகிறவர்கள் பார்க்கலாம், தொடக்கூடாது. "காஸிலை அவிச்ச சோறு ஆஸ்பத்திரிச் சோறு மாதிரி" என்பது அப்பாவின் கொள்கை. சமையல் எல்லாம் பின்வளவில் தனியாக இருக்கும் பழைய குசினியில், பனைமட்டையும் ஊமலும் எரித்து நடக்கும். அதற்கு ஒரு புகைக்கூடு உண்டு. அதில் மைனா கூடு கட்டி அடைத்துப் பல வருடம். அப்பா சிற்றுயிர்கள்மேல் இரக்கம் உள்ளவர். கலைக்க விடமாட்டார்.

அதே அப்பாதான் எங்கள் தேவாலயத்தின் புகைத்தல் ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவர். வருடத்துக்கு ஒருமுறை மேடையேறி, "எங்கள் இல்லத்துக்குள் புகை என்ற சாத்தான் நுழைந்ததே இல்லை" என்று முழங்குவார். முன்வரிசையில் அம்மா தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். அவருடைய கூறைச்சேலை வரைக்கும் புகை மணக்கும்.

அப்பாவின் இருமல் மூன்றாவது வாரத்தைத் தொட்டபோது அக்கா வட்ஸ்அப்பில் கத்தினாள்.

"அப்பா, விளையாடாதேங்கோ. செஸ்ற் கிளினிக்குக்குப் போங்கோ."

"அங்கை போனால் காசநோய் எண்டு ஊர் கதைக்கும் பிள்ளை. உப அதிபருக்குக் கசமோ?"

"அப்ப ஒரு ஸ்பெஷலிஸ்ட்டைச் சனல் பண்ணுங்கோ."

தனியார் மருத்துவமனையில் பதிவு செய்து காட்டுவதில் அப்பாவுக்கு மறுப்பில்லை. அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. திருநெல்வேலியில் மாலையில் இருக்கும் நெஞ்சுநோய் நிபுணர் டினேஸ் தன்னுடைய பழைய மாணவன் என்று தெரிந்ததும் வருத்தமே பாதி குறைந்துவிட்டது. "உவனுக்கு எட்டாம் வகுப்பிலை பூமிசாத்திரம் படிப்பிச்சது நான்தான். படம் கீறத் தெரியாது. எக்ஸ்ரே எப்பிடிப் பாக்கிறானோ."

டொக்டர் டினேஸ் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றும் இல்லை, ஆஸ்துமாவாக இருக்கலாம் என்றார். இளைப்பு வந்தால் மட்டும் வாய்க்குள் அடித்து உறிஞ்ச ஒரு பம்ப் கொடுத்தார். நிச்சயப்படுத்துவதற்கு அடுத்த கிழமை ஊதற் சோதனை ஒன்று செய்யவேண்டும், அன்றைக்குப் பம்ப் எடுக்கக்கூடாது, எடுத்தால் உண்மையான நிலை தெரியாது என்று சொல்லி, அறிவுறுத்தல் அச்சடித்த தாள் ஒன்றையும் தந்தார்.

அப்பாவின் காதில் விழுந்தது ஒரு சொல் மட்டும்தான். சோதனை.

அன்று பின்னேரமே பொன்னம்பலம் மாமா அழைக்கப்பட்டார். அவர் அந்தச் சோதனைக்கு மூன்று முறை தோற்றியவர்.

"கஷ்டமான சோதினை மாஸ்ரர். கனபேர் கோட்டை விட்டவை."

"கேள்வி எப்பிடி வரும்?"

"ஒரே கேள்விதான். ஊது எண்டு வரும். தெரிவு இல்லை."

"நேரம்?"

"ஆறு செக்கன். ஆனால் முதல் செக்கனிலைதான் புள்ளி முழுக்க. சும்மா போய் ஊதினால் சரிவராது, பயிற்சி வேணும்."

பயிற்சிக்குக் கருவி தேடியபோது அப்பாவின் கண்ணில் பட்டது அம்மா அடுப்பு ஊதும் இரும்புக் குழல். அன்றிலிருந்து அது சாய்மனைக் கதிரைக்குக் குடிபோனது. காலையிலும் மாலையிலும் அப்பா அதை வாயில் வைத்து, சுவரில் தொங்கும் நாட்காட்டியை நோக்கி ஊதுவார். தாள் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பொன்னம்பலம் மாமா பார்த்துச் சொல்லுவார். "இன்னும் அடிவயித்திலை இருந்து, மாஸ்ரர்!" பின்வளவில் அம்மா குழல் இல்லாமல், கன்னம் சாம்பலில் முட்டக் குனிந்து, வெறும் வாயால் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். ஊதிவிட்டு எழும்பும்போது சுவரைப் பிடிப்பார்.

"குழலைக் கேட்டு வாங்கட்டோ அம்மா?"

"விடு பிள்ளை. அவருக்குச் சோதினை."

சோதனை நாள் வந்தது. ஓட்டோவில் அப்பா முன்னுக்குச் சரிந்து கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். அம்மாவின் மடியில் சுடுதண்ணிப் போத்தல், என் கையில் குடை. பலாலி வீதியில் ஏறியதும் அப்பா சட்டைப் பையில் இருந்து பம்பை எடுத்து இரண்டு தரம் அடித்தார்.

"உதை இண்டைக்கு எடுக்கக்கூடாது எண்டெல்லோ அந்த டொக்டர் பிள்ளை சொன்னது?" என்றார் அம்மா.

"அது மற்றவைக்கு. சோதினைக்கு முதல் பிள்ளையளுக்குக் குளுக்கோஸ் கரைச்சுக் குடுக்கிறதில்லையோ? உது அது மாதிரி. பொன்னம்பலம் சொன்னவர்."

சோதனை அறையில் ஜெசிதா என்ற பெண் அப்பாவின் மூக்கில் ஒரு கவ்வியை மாட்டி, வாயில் அட்டைக் குழாயைக் கொடுத்தாள். "நல்லா இழுங்கோ ஐயா. இப்ப ஊதுங்கோ! ஊதுங்கோ ஊதுங்கோ ஊதுங்கோ, விடாதேங்கோ, இன்னும், இன்னும்!" அப்பா ஊதினார். முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. திரையில் கோடு கோபுரம் மாதிரி எழும்பியது.

டொக்டர் பார்த்துவிட்டு, "தொண்ணூற்றொரு வீதம் சேர், உங்கடை வயசுக்கு நல்லம்" என்றார். பிறகு சந்தேகத்தோடு, "இண்டைக்குப் பம்ப் எடுக்கேல்லைத்தானே?" என்று கேட்டார்.

"அறிவுறுத்தலை வாசிக்காமல் நான் ஒரு சோதினைக்கும் போனதில்லை தம்பி."

பொய் என்று சொல்லமுடியாது. வாசித்தவர்தான்.

"சரி. ஒன்பது புள்ளி எங்கை போனது?"

"சேர்?"

"நூறிலை ஒன்பது குறையுதே. எந்த இடத்திலை பிழைச்சது? பரவாயில்லை, அதிவிசேட சித்திதானே. எத்தினையாம் பிள்ளை?"

"இதிலை பிள்ளை எல்லாம் இல்லை சேர்."

"எல்லாத்திலையும் பிள்ளை இருக்கு" என்றார் அப்பா. வகுப்பில் முதலிடம் எடுத்த முதலாம் பிள்ளை என்றால் பின்னால் ஒரு இரண்டாம் பிள்ளையாவது வேண்டும். இல்லாவிட்டால் அது என்ன பெருமை? அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். சுடுதண்ணிப் போத்தலோடு நின்ற அம்மாவில் பார்வை நின்றது. "இவவை ஒருக்கா ஊதச் சொல்லும் பாப்பம். நாப்பது வருஷமா அடுப்பு ஊதுறவ. எனக்குப் போட்டி இவதான்."

"சும்மா இருங்கோ. எனக்கேன் உது?"

"பயப்பிடாதையும் நேசம். தோத்தால் அடிக்கமாட்டன்."

டொக்டர் மறுக்கத்தான் போனார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். ஆனால் பழைய ஆசிரியர். ஜெசிதாவைப் பார்த்துத் தலையாட்டினார். அவள் புது அட்டைக் குழாய் மாட்டினாள். அம்மா போத்தலை என்னிடம் தந்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஊதினார். கோடு எழும்பத் தொடங்கி, பாதியில் களைத்து, சரிந்து, மண்ணோடு ஊர்ந்தது. ஜெசிதாவின் "ஊதுங்கோ" பாதியில் நின்றது. அம்மா குழாயை விட்டுவிட்டு இருமினார். பொத்துவதற்குத் தலைப்புக் கைக்கு எட்டவில்லை. அந்த இருமல் முதன்முறையாகக் குசினிக்கு வெளியே, வெளிச்சத்தில், முழு நீளத்துக்குக் கேட்டது.

"நாப்பத்தேழு!" அப்பா திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "வீட்டிலை ஏற்கெனவே ஒருத்தி பெயில். இப்ப தாயும் மகளும் சோடி."

வேறு யாரும் சிரிக்கவில்லை. டொக்டர் கதிரையை அம்மாவுக்குக் கிட்ட இழுத்தார்.

"எத்தினை நாளா இந்த இருமல்?"

"உது தடிமன்" என்றார் அப்பா.

"சேர், நான் அன்ரியைக் கேட்டனான்."

அம்மா டொக்டரைப் பார்க்கவில்லை. சொல்லலாமா என்று கேட்பதுபோல அப்பாவின் முகத்தைப் பார்த்தார். நான் போத்தலோடு ஓரடி முன்னுக்கு வந்தேன். "மூண்டு மாரி" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "படுக்க ஏலாது. வாளி தூக்க ஏலாது. போன மாசம் சளியிலை ரத்தம் வந்தது. மெலிஞ்சு போனா."

அப்பா, சுவர் பேசியதைக் கண்டவர்போல என்னைப் பார்த்தார்.

டொக்டர் அம்மாவின் முதுகில் காதுக்குழாயை வைத்துக் கேட்டார். நிமிரும்போது அவருடைய மூக்கு ஒருமுறை விரிந்தது. "வீட்டிலை புகை…?" என்று தொடங்கினார். அவ்வளவுதான், அப்பா மேடையேறிவிட்டார். "தம்பி, என்ரை தகப்பன் காலத்திலை இருந்து எங்கடை வீட்டுக்குள்ளை ஒரு சுருட்டு, ஒரு பீடி—"

"சிகரெட்டைக் கேக்கேல்லை சேர். அன்ரி எதிலை சமைக்கிறவ?"

"விறகிலை. அதுக்கென்ன?"

"புகைக்கூடு இருக்கோ?"

"இருக்கு. ஆனால் அதிலை ஒரு மைனா…" அப்பாவின் குரல் அந்த மைனாவோடு எங்கேயோ பறந்து போனது.

அதன் பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. எக்ஸ்ரே, சீ.ரி. ஸ்கான், பெரியாஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்தது. முடிவு வந்த அன்று டொக்டர் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார். இரண்டு வருத்தம் இருக்கிறது என்றார். ஒன்று, வருடக்கணக்காகப் புகையைச் சுவாசித்துச் சுவாசக் குழாய்கள் சுருங்கிப்போனது. அது முற்றாக மாறாது, ஆனால் கட்டுப்படுத்தலாம். மற்றது, வலது நுரையீரலின் மேற்பக்கத்தில் சின்னக் கட்டி. புற்றுநோய்.

"சிகரெட் பிடிக்காத ஆக்களுக்கும் வருமோ?" என்று அம்மா கேட்டார்.

"வரும் அன்ரி. இன்னும் பரவேல்லை, வெட்டி எடுக்கலாம். ஆனால் வெட்டினபிறகு மிச்ச நுரையீரல் மூச்சுக்குக் காணவேணும். இப்ப இருக்கிற ஊதலோடை மேசையிலை ஏத்தச் சத்திரசிகிச்சை டொக்டர் யோசிப்பார். ஒழுங்கா மருந்து, நடை, ஒரு துளி புகை இல்லை. ஆறு கிழமையாலை திருப்பி ஊதிப் பாப்பம். ஐம்பத்தைஞ்சு தாண்டினால் அவருக்கும் தைரியம் வரும்."

அப்பா கேட்டார்: "தம்பி, முதல் பெறுபேற்றுக்கு மீள்திருத்தம் கேக்கேலாதோ? அண்டைக்கு இவ ஆயத்தமில்லாமல் வந்தவ."

கேட்டபடியே அம்மாவின் மடியில் இருந்த சுடுதண்ணிப் போத்தலைத் தான் வாங்கிப் பிடித்துக்கொண்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும். வேறு மொழி அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், "துணைவியாரின் சுகவீனத்தால் பாடனுபவிக்கும் நமது சகோதரர் செல்வத்துரைக்காக" ஜெபித்தார்கள். பின்னேரம் ஆட்கள் பார்க்க வந்தார்கள். அம்மா கட்டிலில் இருக்க, எல்லோரும் விறாந்தையில் அப்பாவைச் சுற்றி இருந்தார்கள். "பாவம் மாஸ்ரர், சாப்பாட்டுக்கு என்ன செய்யிறியள்?" என்று ஒருவர் உருகினார். இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் வீட்டில் இருந்து புட்டு அனுப்பட்டுமா என்று கேட்டார். அப்பா தலையைச் சாய்த்து, ஆண்டவர் தாங்கும் பலம் தருவார் என்றார். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன்.

காஸ் அடுப்பின் விரிப்பை நான்தான் எடுத்தேன். பூச்சாடியை அலுமாரிக்கு மேல் ஏற்றினேன். பழைய குசினியைப் பூட்டித் திறப்பை அம்மாவின் தலையணைக்குக் கீழே வைத்தேன். முதல்நாள் அப்பா ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டு மென்றார், மென்றார், தீர்ப்புச் சொன்னார். "உப்பு இருக்கு. உறைப்பு இருக்கு. ருசி எங்கை?"

"மைனாட்டைக் கேளுங்கோ" என்றார் அம்மா உள்ளே இருந்து. நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அம்மாவுக்கு மூச்சுத் திரும்புகிறது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம்.

காலையில் நானும் அம்மாவும் சந்திவரை நடந்தோம். முதலில் மதவுப் பாலத்தோடு திரும்பினோம். பிறகு வாசிகசாலை, பிறகு சந்தி. ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தேன், அம்மா சுவரில் சாயாமல், கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார். பயந்துபோய் மூக்கடியில் விரலை வைத்தேன். நித்திரை.

மாலையில் அப்பா ரியூஷன் கொடுத்தார். இரும்புக் குழலைப் பிரம்பு மாதிரிப் பிடித்துக்கொண்டு, "உம்மடை பிழை என்னெண்டால் நேசம், உள்ளுக்கு இழுக்கிறதிலை நீர் சிக்கனம். இழுக்கிறதை நல்லா இழுக்கவேணும்" என்பார். கடைசி நாள் இரகசியக் குரலில், "ஓட்டோவிலை வைச்சு ரெண்டு தரம் பம்ப் அடியும். ஒருத்தருக்கும் சொல்லாதையும். போன முறை எனக்கு அதுதான் கைகுடுத்தது" என்றார். அம்மா தலையாட்டினார்.

ஆறு கிழமை முடிந்து, அதே அறை, அதே ஜெசிதா.

"அன்ரி, பம்ப் எடுத்திட்டியளோ?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்லை! ஒருக்காலும் இல்லை!" அப்பா பதறினார். "தொடவே இல்லை!"

"எடுக்கவேணும் சேர். இது வருத்தத்தைக் கண்டுபிடிக்கிற சோதினை இல்லை. மருந்தோடை எவ்வளவு மூச்சு இருக்கெண்டு பாக்கிறது."

"நான் ரெண்டு தரம் எடுத்தனான் தம்பி" என்றார் அம்மா அமைதியாக. "இவர்தான் சொல்லித் தந்தவர். போன முறை தானும் அப்பிடித்தான் எடுத்தவராம்."

டொக்டர் மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினார். அப்பா கூரையில் சுழலும் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"கொப்பி அடிச்சால் பெறுபேறு ரத்து எண்டு எங்களுக்குச் சொல்லித் தந்தது நீங்கள்தானே சேர்?"

"…ஓம்."

"அடுத்த மாசம் திருப்பி வந்து ஊதுங்கோ. பம்ப் இல்லாமல்."

ஜெசிதா வாயைப் பொத்திக்கொண்டு அட்டைக் குழாயை மாற்றினாள். அம்மா உட்கார்ந்தார். இழுத்தார். அந்த அறையில் இருந்த எல்லோருடைய மூச்சையும் சேர்த்து இழுத்த மாதிரி இருந்தது. பிறகு ஊதினார். கோடு எழும்பியது. போனமுறை களைத்த இடத்தில் ஒரு கணம் தயங்கியது. நான் குடையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். கோடு அந்த இடத்தைத் தாண்டி மேலே போய், அவசரப்படாமல் இறங்கியது. மூன்று தரம் ஊதினார். மூன்றிலும் நல்லது ஐம்பத்தெட்டு.

"காணும் அன்ரி, இது போதும்" என்றார் டொக்டர். அவருக்கும் வேர்த்திருந்தது. வருகிற மாதம் சத்திரசிகிச்சை என்று திகதி போட்டுத் தந்தார்.

திரும்பி வரும்போது அப்பா சுன்னாகம் சந்தைவரை வீதிப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வெங்காய மணம் ஓட்டோவுக்குள் அடித்ததும் மனம் தேறியிருக்கவேண்டும். "ஐம்பத்தெட்டு எண்டாலும் சித்தி சித்திதான். படிப்பிச்சவனுக்கும் அதிலை பங்கு இருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நேசம், சந்தோஷமான நாள். இண்டைக்கு மட்டும், ஒருநாளைக்கு மட்டும், விறகடுப்பிலை ஒரு ஒடியற்கூழ் காய்ச்சினால் என்ன? பிள்ளை உதவி செய்யும்."

அம்மா வீட்டுக்கு வந்து இறங்கினார். நேரே உள்ளே போய்த் தலையணைக்குக் கீழே இருந்த திறப்பை எடுத்தார். சாய்மனைக் கதிரையில் கிடந்த இரும்புக் குழலையும் எடுத்தார். இரண்டையும் அப்பாவின் கையில் வைத்தார்.

"நீங்களே ஊதுங்கோ. தொண்ணூற்றொரு வீதம் எடுத்தனீங்கள்தானே."

"நேசம்…"

"கதவைச் சாத்திப்போட்டு ஊதுங்கோ. எனக்குப் புகை கூடாது."

அப்பா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். சோதனை ஒன்றுக்குப் பின்வாங்கியதாக அவருடைய சரித்திரத்தில் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வளவுக்குப் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அம்மா சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, அப்பாவின் பத்திரிகையை விரித்தார். கொஞ்ச நேரத்தில் பழைய குசினியின் ஓட்டு இடுக்குகளால் புகை கசியத் தொடங்கியது. புகைக்கூட்டில் இருந்து மைனா திட்டிக்கொண்டு வெளியே பறந்தது. உள்ளே முதலாம் பிள்ளை இருமினார். முன்னறிவித்தல் இல்லை, இடைவெளி இல்லை, கடைசியில் ஆண்டவரும் இல்லை.

அம்மா பத்திரிகையில் இருந்து கண்ணை எடுக்காமல், பின்வளவுக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"என்ன, தடிமனோ? மல்லித்தண்ணி குடியுங்கோ!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். இவ்வளவு காலமும் அம்மா சிரிக்கத் தொடங்கினால் பாதியில் அது இருமலாக மாறிவிடும். நான் அரிசிச் சட்டியோடு காஸ் அடுப்படியில் நின்று காத்திருந்தேன். இந்தமுறை அது கடைசிவரை சிரிப்பாகவே இருந்தது.